மெழுகுவத்திக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்

1

இந்த நாட்டுக்கு நான் வந்து எட்டு வருடம் முடிந்த வாரத்தில், பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தடித்த தாள். மேலே தங்க நிறத்தில் முத்திரை. என் மகள் மல்லிகா அதை நான்கு காந்தங்கள் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் பொருத்தினாள். என் டாக்டர் சீட்டுக்கு இந்த வீட்டில் ஒரு காந்தம்தான்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினோராம் வகுப்பில் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். அவர்களில் முப்பத்தாறு பேரைப் பள்ளியின் ஹானர் சொசைட்டியில் சேர்க்கிறார்கள். என் பேத்தி வித்யா அவர்களில் ஒருத்தி. மதிப்பெண் மட்டும் போதாதாம். தொண்டு செய்திருக்க வேண்டும், நாலு பேரை முன்நின்று நடத்தத் தெரிய வேண்டும், நடத்தை நன்றாக இருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை விழா. ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி சொல்லும். தன்னை ஆளாக்கியவர் என்று பிள்ளை நினைக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று அந்த மெழுகுவத்தியை ஏற்றிவைக்க வேண்டும். தாய் தகப்பன் கூடாது, அவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. வேறு ஒருவர். ஒரே ஒருவர்.

அது நான்தான் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கோட்டைச் சலவைக்குப் போடச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது மல்லிகா கேட்டாள். “யாரைக் கூப்பிடப் போறே?”

“அப்பாரை,” என்றாள் வித்யா. தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி, அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. நான் அப்புச்சி. அப்பாரு என்பவர் என் சம்பந்தி அங்கமுத்து. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் டீக்கடை வைத்திருப்பவர். விசிட்டர் விசாவில் அக்டோபரில் வந்தவர், எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னையா?” என்றார். “ஏங் கண்ணு, எனக்கு அந்த மேடையில என்ன சோலி? அப்புச்சியக் கூட்டிட்டுப் போ சாமி. அவருதான் படிச்சவரு.”

“இல்ல அப்பாரு. நீங்கதான் வரணும்.”

“நல்லாருக்குது போ. நாலு பேரு முன்னாடி மெழுவத்தியோட என்ற வேட்டியும் சேந்து பத்திக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகா பெருமையோடு மகளைப் பார்த்துச் சொன்னாள். “நானும் இருந்தேன்டீ. ஏற்காட்டுல எங்க ஸ்கூல்லயும் இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு. மொத்தம் பன்னெண்டு பேரு. அப்புச்சிதான் என் சட்டையில ரிப்பன் குத்தினார்.”

என் மருமகன் சுந்தரம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சோறு பாதி இருந்தது.

2

பொறாமை என்ற சொல்லை எழுபத்திரண்டு வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஏழு வருடம், பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும், காலையில் வித்யாவைப் பஸ் நிற்கும் மூலைக்குக் கொண்டுபோய் விட்டவன் நான். வீட்டு வாசலிலிருந்து முந்நூற்று நாற்பது அடி. போன வருடம்தான் அவள், “வராதீங்க அப்புச்சி, ஃபிரெண்ட்ஸ் பாக்கறாங்க,” என்று நிறுத்தினாள். அதற்குப் பிறகும் ஜன்னலில் நின்று பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். ஒவ்வொரு ரிப்போர்ட் கார்டும் வந்தவுடன் போன முறைக்கும் இந்த முறைக்கும் எத்தனை கூட, எத்தனை குறைச்சல் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தவன் நான். அவரோ இந்த நாட்டுக்கு வந்ததே இரண்டு தடவை. இரண்டும் சேர்த்து இந்த வீட்டில் இருந்தது பத்து மாதம் தேறாது.

ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஹெட்கிளார்க்காக இருந்தேன். கல்வி அலுவலகத்துக்குப் போகிற ஆங்கிலக் கடிதங்களெல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். ஆனால் இங்கே காய்கறிக் கடைப் பெண் நான் வாயைத் திறந்தால், “என்ன சொன்னீர்கள்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். அங்கமுத்து அதே பெண்ணிடம் தமிழிலேயே பேசுகிறார். “ஏம்மிணி, இந்த முருங்கக்காய் முத்தலா இருக்குது, எளசா இல்லையா?” என்கிறார். அவள் உள்ளே போய் வேறு கட்டு எடுத்துவந்து கொடுக்கிறாள். போகும்போது அவருக்குக் கை ஆட்டுகிறாள். எனக்கு எட்டு வருடத்தில் ஒரு தடவையும் ஆட்டியதில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவர் எங்களுக்கு வணக்கம் சொல்வதோடு சரி. அங்கமுத்து வந்த இரண்டாவது வாரம் அவர் வீட்டு வாசலில் உதிர்ந்த இலைகளை வாரிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். “அவரு அவரு ஊட்டுக் கதையச் சொன்னாருங்க, நான் நம்ம ஊட்டுக் கதையச் சொன்னனுங்க. ஒண்ணும் வெளங்கல. ஆனா நொம்ப நல்ல மனுசனுங்க,” என்றார்.

இப்படிப்பட்ட ஆளோடு நான் எதை வைத்துப் போட்டியிடுவது?

3

மல்லிகா சொன்ன ரிப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பள்ளிக்கு வந்த தலைமையாசிரியர் வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்ததை மலையில் செய்ய ஆசைப்பட்டார். மேல் வகுப்பில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மெரிட் சொசைட்டி என்று ஒன்று தொடங்கினார். ஊரில் அதை ரிப்பன் சங்கம் என்றார்கள். மேடையில் பெயரைக் கூப்பிடுவார்கள். பிள்ளை மேலே போகும், பெற்றவரும் போய் நீல ரிப்பனைச் சட்டையில் குத்த வேண்டும். எஸ்டேட் முதலாளிகளின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அந்த மேடையில் ஏறி நிற்பது லேசான காரியம் இல்லை.

மதிப்பெண் பட்டியல் போடுகிற வேலை என்னுடையது. வருகையும் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு நாள் வராத பிள்ளைக்கு இடம் இல்லை என்று விதி.

சம்பளச் சலுகையில் படித்த, விடுதியில் தங்காத டே ஸ்காலர்கள் சிலர் எங்களிடம் இருந்தார்கள். அங்கமுத்துவின் மகன் சுந்தரம் அவர்களில் ஒருவன். தகப்பன் கடையிலேயே படுத்துக்கொள்வார். பையன் வாழவந்தி கிராமத்தில் தாயோடு இருந்து தினமும் பஸ்ஸில் வருவான். மழை மாதங்களில் மூடுபனி இறங்கிவிட்டால் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. மணி அடித்த பிறகு வருகிறவனுக்கு ரெஜிஸ்டரில் ஆப்சென்ட். ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பஸ் தாமதம் என்றால் அந்த ஆப்சென்ட் எழுத்துக்குப் பக்கத்தில் வகுப்பாசிரியர் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்தால் வந்ததாகக் கணக்கு. எந்த விதியிலும் அது கிடையாது. ஆனால் இருபது வருடமாக எல்லோரும் அப்படித்தான் எண்ணினோம். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

அந்த வருடம் சுந்தரம் மதிப்பெண்ணில் நான்காவது. கணக்கில் நூறு. என் மகள் அதே வகுப்பு. அவள் பெயர் பன்னிரண்டுக்குள் வரவில்லை.

டீக்கடைக்காரர் மகன் மேடை ஏறுவான், ஹெட்கிளார்க்கின் மகள் கீழே உட்கார்ந்து கை தட்டுவாள். அந்த மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. சுந்தரத்தின் ரெஜிஸ்டரில் பதினாலு புள்ளிகள். அவற்றை நான் எண்ணவில்லை. வேறு ஒன்றும் செய்யவில்லை. எதையும் அடிக்கவில்லை, திருத்தவில்லை. பதினாலு புள்ளியை எண்ணாமல் விட்டேன். பையன் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினான். அவனுக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு படி ஏறினார்கள்.

வகுப்பாசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார். “சார், புள்ளி...” என்றார்.

“புள்ளி என்று ஒரு குறி எந்த விதியிலும் இல்லையே,” என்றேன்.

அவர் தற்காலிக ஆசிரியர். அவருடைய அடுத்த வருட ஆர்டர் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அதற்கு முன்பே அவர் அங்கமுத்துவிடம், உங்கள் பையன் பெயர் வருகிறது, விழாவுக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியாது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரியைப் பார்க்கச் சேலத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் ஏறி வருகிற நாள். அங்கமுத்து கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டையில் மடிப்புக் கலையாமல். கையில் ஒரு கூடை நிறைய வடை, பிள்ளைகளுக்குக் கொடுக்க. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். பன்னிரண்டு பெயர்களைக் கூப்பிட்டார்கள். நான் மேடை ஏறி மல்லிகாவின் சட்டையில் ரிப்பனைக் குத்தினேன். அங்கிருந்து பார்த்தால் அந்த வெள்ளைச் சட்டை நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் அலுவலக ஜன்னலுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

“கிளார்க்கய்யா, பையன் நாள் பத்தலைன்னு சொல்றாங்க. நீங்க எண்ணிப் பாத்தீங்களா?”

ரெஜிஸ்டரைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, கூட்டுத்தொகையில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

“எண்ணினேன்,” என்றேன்.

“நீங்களே எண்ணியிருந்தீங்கன்னா சரிதானுங்க,” என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஏழு வருடம் கழித்து அந்தப் பையனும் என் மகளும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று வந்து நின்றார்கள். காலேஜில் பழகியது. நான் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. எல்லோரும் அந்தஸ்தை நினைத்துத் தயங்குகிறேன் என்று எண்ணிக்கொண்டார்கள். அப்படியே எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

4

இனி ஒரு வெள்ளை அட்டைக்கு வருகிறேன். விசிட்டராக வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தில் ஒரு சிறு அட்டையைக் குத்திக் கொடுப்பார்கள். எதுவரை இருக்கலாம் என்று அதில் முத்திரை இருக்கும். அங்கமுத்துவுக்கு ஆறு மாதம். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே அது முடிகிறது. மேலும் இருக்க வேண்டும் என்றால் படிவம் நிரப்பி, காரணம் எழுதி, கெடுவுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சுந்தரத்துக்கு அலுவலகத்தில் நேரம் இல்லை. “மாமா, ஃபாரமெல்லாம் நீங்கதான் கரெக்டா போடுவீங்க. நீங்களே அனுப்பிடுங்க,” என்றார்.

இரண்டு நாளில் நிரப்பினேன். எட்டுப் பக்கம். ஒரு அடித்தல் இல்லை. அங்கமுத்து கையெழுத்திட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். உறையை ஒட்டினேன். தபாலாபீசுக்குப் போகக் கோட்டைப் போட்டு உள்பாக்கெட்டில் வைத்தேன். போனேன். தபாலாபீசைத் தாண்டி நடந்து பூங்காவைச் சுற்றிவிட்டுத் திரும்பிவந்தேன்.

அவர் ஊருக்குப் போய்விட்டால் மெழுகுவத்திக்கு ஆள் வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்பது நாள் உறை கோட்டுக்குள் இருந்தது.

“ஏனுங்க சம்பந்தி, தபால் போயிருச்சுங்களா?” என்று நான்காம் நாள் கேட்டார்.

“போய்விடும்.”

“இல்லீனாலும் பரவால்லீங்க. நான் டிக்கெட் தேதிக்கே கெளம்பிக்கிறன். நீங்க நின்னு ஏத்துனா என்ன, நான் ஏத்துனா என்ன, எரியறது அதே மெழுவத்திதானுங்க.”

அவர் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கு எரிந்தது. எதையும் விட்டுக்கொடுக்க இந்த மனிதருக்கு எப்படி முடிகிறது? விட்டுக்கொடுப்பதிலும் நான் அவருக்கு அடுத்த இடமா?

5

பத்தாம் நாள் சனிக்கிழமை. அங்கமுத்து சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரில் பேப்பரைப் பிரித்து வைத்திருந்தேன். வித்யா நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். தன் ஆளை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் நாலு வரி படிக்க வேண்டுமாம்.

“அப்பாரு, அந்த ஒயிட் ஷர்ட் கதையை இன்னொரு வாட்டி சொல்லுங்க. நான் எழுதணும்.”

பேப்பரை நான் முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன்.

“அதென்ன கதை கண்ணு, கோமாளித்தனம். ஞாயித்துக்கெழம கடையச் சாத்திப்போட்டு, புதுச் சட்ட மாட்டிக்கிட்டு மாப்ள மாதிரி போய் நின்னேன். உங்கப்பன் பேரக் கூப்பிடவே இல்ல. கூட நெறைய வடை. பஸ் ஸ்டாண்டுல கண்டக்டரு, டிரைவரு, நாயி எல்லாத்துக்கும் குடுத்துத் தீத்தேன். அன்னைக்கு ஏற்காட்டுல வடை திங்காத நாயே இல்ல.”

வித்யா சிரிக்கவில்லை. “ஏன் கூப்பிடல?”

“நாள் பத்தலன்னுட்டாங்க. உங்கப்பன் தெனமும் போனேன்னு சத்தியம் பண்றான். நான் ஆபீசுக்குப் போய் அப்புச்சியக் கேட்டேன். எண்ணினேன்னு சொன்னாரு. உங்க அப்புச்சி எண்ணி என்னைக்காச்சும் பெசகுமா சாமி? அப்ப இவன்தானே எங்கியோ சுத்தியிருக்கோணும்? காப்பி வெளாரு ஒண்ண ஒடிச்சு...” கத்தியை நிறுத்தினார். “அடிச்சுப்போட்டனுங் கண்ணு. காலெல்லாம் வரி வரியா. போனேன்ப்பா, போனேன்ப்பான்னுதான் கத்துனான். அதுக்கப்பறம் அவன் அதப் பத்தி எங்கிட்டப் பேசல. நானும் இன்னைக்கு வரைக்கும் கேக்கல.”

“அதுக்குத்தான் அப்பாரு,” என்றாள் வித்யா. அவளுக்குத் தமிழில் நீளமாகப் பேச வராது. “நீங்க வந்து நின்னீங்க. பேரு வரல. இப்ப வரும். அதான்.”

பேப்பரில் எந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை. ஏழு வருடம் நடந்த முந்நூற்று நாற்பது அடியையும், ஓரத்தில் எழுதிய பென்சில் கணக்கையும் தோற்கடித்தது எது என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தை அங்கமுத்துவுக்குக் கொடுத்தது வித்யா இல்லை. நான்.

கோட்டை மாட்டினேன். எங்கே என்று கேட்டார் அங்கமுத்து. தபாலாபீசுக்கு நடந்தேன். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள். எனக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். உறை பதிவுத் தபாலில் போனது.

6

விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கு ரசீது வந்தது. முடிவு வருகிறவரை இருக்கலாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். அங்கமுத்து இருந்தார்.

விழாவன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வேட்டி வேண்டாம் என்று சுந்தரம் சொன்னதற்கு, “பேண்ட்டுல நின்னா வெளக்கு ஏத்தற மாதிரியே இருக்காது,” என்றார். நான் ஏழாவது வரிசையில், சுந்தரத்துக்கும் மல்லிகாவுக்கும் நடுவில். மேடையில் முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு பெரியவர்கள். வேட்டி ஒன்றுதான்.

வித்யா தன் நாலு வரியை ஆங்கிலத்தில் படித்தாள். தன் தாத்தா ஒரு நாள் கடையை மூடிவிட்டு ஒரு பெயரைக் கேட்கப் போனார் என்றும், அந்தப் பெயரை யாரும் கூப்பிடவில்லை என்றும், இன்று அவர் கேட்பார் என்றும் படித்தாள். அங்கமுத்துவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, சிரித்தபடி நின்றார். என் வலப்பக்கத்தில் சுந்தரம் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு பள்ளி முதல்வர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். இங்கே பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரும் சேர்ந்து வரும். “வித்யா சுந்தரம்.”

அங்கமுத்துவின் சிரிப்பு நின்றது. கூட்டத்தில் மகனைத் தேடினார். பிறகுதான் குச்சியைப் பற்றவைத்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான். எல்லாம் தெரிந்த பிறகும் அது போகவில்லை. அவர் இடத்தில் நான் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது.

காரில் திரும்பும்போது என் முழங்காலைத் தட்டினார். “கேட்டீங்களா சம்பந்தி? எம்பையன் பேர மைக்குல கூப்பிட்டாங்க.”

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரம் பெட்டி கட்ட உதவும்போது சொல்லப் பார்த்தேன். விமான நிலையத்தில் ஒரு தடவை. மூன்று தடவையும் வாய் வரவில்லை. அவரிடம் சொன்னால் மல்லிகாவின் ரிப்பன் போய்விடும். அதை அவள் இன்னும் நகைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். என் கையால் அவளுக்குக் கொடுத்ததில் அவள் பத்திரமாக வைத்திருப்பது அது ஒன்றுதான்.

7

இதுவரை எழுதியதை நேற்று மாலை மல்லிகாவிடம் படித்துக் காட்டினேன். உங்கள் பத்திரிகை ஏற்காட்டுக்கு வரும், டீக்கடைக்கும் வரும். யாராவது ஒருவர் அங்கமுத்துவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். வாயால் சொல்லத் தைரியம் இல்லாதவன் இப்படியாவது சொல்லலாம் என்றுதான் எழுதினேன். ஆனால் அவருக்கு முன்னால் அவள் கேட்க வேண்டும்.

படித்து முடித்ததும் அவள் சுந்தரத்தைக் கூப்பிட்டாள். அவர் மாடியிலிருந்து இறங்கிவந்தார். “அந்தப் புள்ளிப் பக்கத்தை மட்டும் இவருக்குப் படிங்க,” என்றாள். படித்தேன். சுந்தரம் நின்றுகொண்டே கேட்டார்.

“பதினாலா மாமா?” என்றார்.

“பதினாலு.”

“நான் பதினாறுன்னு நினைச்சேன்,” என்றார். பின் கதவைத் திறந்துகொண்டு புல்வெளிக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மன்னித்தாரா, தெரியாது. கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை.

மல்லிகா தாள்களை என் கையிலிருந்து வாங்கி மறுபடி புரட்டினாள்.

“அவர் நாலாவதுன்னு எழுதியிருக்கீங்க. எல்லாத்துக்கும் நம்பர் எழுதியிருக்கீங்க. நான் எத்தனாவது?”

“பன்னிரண்டுக்குள் வரவில்லை என்று எழுதியிருக்கிறேனே கண்ணு.”

“எத்தனாவதுப்பா?”

சொன்னேன். பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“அதையும் எழுதுங்க. எழுதிட்டு அனுப்புங்க.”

என் மகள் மல்லிகா பதின்மூன்றாவது.